9 பேருக்கு ஒரு சட்டம், 10 பேருக்கு ஒரு சட்டமா? டெல்டா ரைஸ் மில், கடை ஊழியர்களுக்கு இ.எஸ்.ஐ. யாருக்குக் கிடைக்கும்? முழு விவரம்

ஆஸ்பத்திரிக்குப் போக தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் "ரெண்டு மாசத்துக்கு மூட்டை தூக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டால், அந்த இரண்டு மாதச் சம்பளத்தை யார் தருவது? கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் ரைஸ் மில்லிலும் ஜவுளிக் கடையிலும் பாத்திரப் பட்டறையிலும் வேலை பார்ப்பவர்களைக் கடன் வாங்க வைப்பது பல நேரம் இந்தக் கேள்விதான்.

இதற்குப் பதில் சொல்லும் திட்டம் நாட்டில் 1952 முதல் இருக்கிறது. அதுதான் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம். தமிழ்நாட்டில் முதலில் 1955-ல், பஞ்சாலை நகரமான கோயம்புத்தூரில் வந்தது. நெல்லை நம்பி வாழும் டெல்டாவில், பஞ்சாலை ஊர்களில் போல இது வீட்டுக்கு வீடு பேசப்படும் விஷயமாக இல்லை. இங்கே பெரும்பாலும் சின்னச் சின்ன நிறுவனங்கள். "நம்ம கடைக்கெல்லாம் அது வராதுங்க" என்று முதலாளியும் சொல்கிறார், தொழிலாளியும் நம்புகிறார். அது எந்த அளவுக்கு உண்மை?

யாருக்கு வரும், யாருக்கு வராது?

இரண்டு எண்களை நினைவில் வைத்தால் போதும். ஒன்று 10. இன்னொன்று 21,000.

ஒரு நிறுவனத்தில் 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. கட்டாயம். அதில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் காப்பீட்டுக்குள் வருவார்கள். மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு இந்த வரம்பு 25,000 ரூபாய். 21,000 வரம்பு 2017 ஜனவரியில் வந்தது. அதற்கு முன் 15,000-ஆக இருந்தது.

10 பேர் என்றால் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் பெயர் உள்ள 10 பேர் மட்டும்தானா? இங்கேதான் டெல்டாவில் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு ரைஸ் மில்லில் கணக்கர், ஆபரேட்டர், டிரைவர் என்று 6 பேர் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூட்டை ஏற்ற இறக்கவும் களத்தில் நெல் காயவைக்கவும் மேஸ்திரி மூலம் 8 பேர் வருகிறார்கள். கூலியை மேஸ்திரிதான் பிரித்துக் கொடுக்கிறார். முதலாளி கணக்கில் இது 6 பேர் நிறுவனம். சட்டத்தின் கணக்கில் 14 பேர். நிறுவனத்தின் வேலையை, அதன் வளாகத்திலேயே, ஒப்பந்ததாரர் மூலம் வந்து செய்பவர்களும் எண்ணிக்கையில் சேர்வார்கள்.

இது புதிய விளக்கம் எதுவும் இல்லை. ஹைதராபாத் ராயல் டாக்கீஸ் வழக்கில், தியேட்டர் கேன்டீனிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் ஒப்பந்ததாரர் வைத்திருந்த ஆட்களுக்கும் தியேட்டர் முதலாளிதான் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது.

"எங்க வேலை சீசன் வேலைதானே, அதுக்கு விலக்கு இருக்கே" என்று சொல்பவர்களும் உண்டு. பருவகால ஆலைகளுக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பட்டியலில் இருப்பவை பஞ்சு கடைதல், நிலக்கடலை தோல் உரித்தல், சர்க்கரை, தேயிலை, காபி, ரப்பர் போன்றவை. நெல் அரவை அந்தப் பட்டியலில் இல்லை. நெல்லை இருப்பு வைத்து வருஷத்தில் பெரும்பகுதி ஓடும் மாடர்ன் ரைஸ் மில்லை சீசன் ஆலை என்று சொல்லிக்கொள்வதும் கஷ்டம்தான்.

இன்னொன்று: ஒருமுறை இ.எஸ்.ஐ-க்குள் வந்த நிறுவனம், பிறகு ஆள் எண்ணிக்கை 10-க்குக் கீழே இறங்கினாலும் வெளியே போக முடியாது. அதேபோல, சம்பளம் பாதியில் 21,000-ஐத் தாண்டினாலும் அந்தச் சந்தா காலம் முடியும் வரை ஊழியர் காப்பீட்டில்தான் இருப்பார்.

எவ்வளவு பிடிப்பார்கள்?

2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். அதற்கு முன் இது 1.75, 4.75 என இருந்தது. பழைய விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டே "கட்டுப்படியாகாது" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளிக்குப் பிடித்தம் 90 ரூபாய். முதலாளி போடுவது 390. மொத்தம் 480 ரூபாய். ஒரு நாள் சராசரிக் கூலி 176 ரூபாய் வரை உள்ளவர்களுக்குப் பிடித்தமே கிடையாது, முதலாளியின் பங்கு மட்டும் உண்டு. அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் பணம் கட்டப்பட வேண்டும்.

சரி, 90 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?

தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம். காய்ச்சலுக்கு மருந்து வாங்குவதில் தொடங்கி ஆபரேஷன் வரை. மற்ற காப்பீடுகளில் பெரும்பாலும் 'அட்மிட்' ஆனால்தான் பணம். இ.எஸ்.ஐ-யில் டிஸ்பென்சரிக்குப் போய் சர்க்கரை மாத்திரை வாங்கி வருவதும் அடங்கும். சூப்பர் ஸ்பெஷாலிட்டி சிகிச்சைக்கு மட்டும் குறைந்தபட்சப் பணிக்கால நிபந்தனை தனியாக இருக்கிறது.

மருத்துவத்தைவிடப் பெரிய விஷயம், சம்பள இழப்புக்குக் கிடைக்கும் பணம். 12,000 ரூபாய் சம்பளக்காரரின் ஒரு நாள் சம்பளத்தை 400 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம்.

உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்தால் 70 சதவீதம், அதாவது நாளுக்கு 280 ரூபாய். வருஷத்துக்கு 91 நாள் வரை. முழுதாக எடுத்தால் 25,480 ரூபாய். வழக்கமாக முதல் 2 நாளுக்குப் பணம் வராது. காசநோய், புற்றுநோய் போன்று பட்டியலிடப்பட்ட 34 நீண்டகால நோய்கள் என்றால் 80 சதவீதம், 2 ஆண்டு வரை.

வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். நாளுக்கு 360 ரூபாய், குணமாகும் வரை. கை, கால் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டால் பாதிப்பின் அளவைப் பொறுத்து வாழ்நாள் முழுக்க மாதாமாதம். வேலையில் உயிரிழந்தால் 90 சதவீதம் குடும்பத்துக்குப் பிரித்துத் தரப்படும். காலையில் டி.வி.எஸ். 50-ல் மில்லுக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால் இதில் அடங்கும்.

பிரசவத்துக்கு 26 வாரம், முழுச் சம்பளம். 182 நாளுக்கு 72,800 ரூபாய். ஜவுளிக் கடைகளில் கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிடும் பெண்களிடம் இந்தத் தொகையை யாராவது முன்கூட்டியே சொன்னார்களா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

5 ஆண்டு காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு வெறும் 120 ரூபாய் கட்டி, தனக்கும் துணைவருக்கும் தொடர்ந்து மருத்துவம் பெறலாம். இது பலருக்கும் தெரிவதே இல்லை.

சம்பா அறுவடையும் 78 நாள் கணக்கும்

நோய்க்கால உதவி பெற ஒரு நிபந்தனை இருக்கிறது. 6 மாதச் சந்தா காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். டெல்டா தொழிலாளிகள் கவனிக்க வேண்டிய இடம் இது.

சந்தா காலம் இரண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று. அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. முதல் காலத்தில் கட்டியதற்கு உதவி கிடைப்பது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. இரண்டாவது காலத்துக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை.

இதை நெல் காலண்டரோடு வைத்துப் பாருங்கள். குறுவை அறுவடையின் கடைசிப் பகுதியும், தை, மாசியில் நடக்கும் சம்பா அறுவடையும் அக்டோபர்–மார்ச் காலத்தில் விழுகின்றன. அரவை மில்லில் மூட்டைக்கு ஓய்வே இல்லாத நேரம். 78 நாள் சுலபமாகச் சேரும். அதற்கான பாதுகாப்பு ஜூலை முதல் டிசம்பர் வரை.

ஆனால் ஏப்ரல்–செப்டம்பர் அப்படி இல்லை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னும் பின்னும் வரத்து குறையும் மாதங்கள் அவை. அப்போது 78 நாள் சேராத லோடுமேனுக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவி கிடைக்காது. அதாவது சம்பா நெல் குவியும்போது, உடம்பு அதிகம் நோகும்போது, அவர் பாதுகாப்பு இல்லாமல் இருப்பார். இது சட்டம் வேண்டுமென்று செய்ததில்லை. ஆலைத் தொழிலுக்கு எழுதப்பட்ட காலண்டர், நெல்லுக்குப் பொருந்தவில்லை.

ஆகவே வேலை குறைந்த மாதங்களில் வந்த நாட்கள் சரியாகப் பதிவாகின்றனவா என்று பார்ப்பது முக்கியம். 75 நாள் என்று பதிவாகிவிட்டால் 3 நாளில் எல்லாம் போய்விடும். ஆறுதலான விஷயம் ஒன்று: வேலையில் ஏற்படும் விபத்துக்கு இந்த 78 நாள் கணக்கு கிடையாது. சேர்ந்த முதல் நாள் பெல்ட்டில் கை மாட்டினாலும் உதவி உண்டு.

10 பேருக்குக் கீழே இருந்தால்?

8 பேர் வேலை செய்யும் கடை. சம்பளம் 12,000. இ.எஸ்.ஐ. கட்டாயம் இல்லை. "அதான் முதலமைச்சர் காப்பீடு இருக்கே" என்பார்கள்.

இருக்கிறது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. தனியார் மருத்துவமனையிலும் பெறலாம். தமிழ்நாட்டில் பல உயிர்களைக் காத்த திட்டம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அதன் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 1 லட்சத்து 44 ஆயிரம். கடைக்காரர் சம்பளத்தை உள்ளபடி ரசீதில் எழுதிக் கொடுத்தால், அந்த ஒருவர் சம்பளமே வரம்பைத் தாண்டிவிடுகிறது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் குடும்பம் இடம்பெற்றிருந்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால், 10 பேர் இல்லாததால் இ.எஸ்.ஐ-யும் இல்லை, 10,000-க்கு மேல் வாங்குவதால் முதலமைச்சர் காப்பீடும் இல்லை.

கார்டு கிடைத்தவர்களுக்கும் ஒரு குறை பாக்கி இருக்கிறது. இந்தத் திட்டம் ஆஸ்பத்திரிக்குப் பணம் தரும். வீட்டில் அடுப்பெரிய, வேலைக்குப் போகாத நாளுக்குப் பணம் தராது.

புதிய சட்டம் இந்த 8 பேருக்கு ஒரு கதவைத் திறந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, 10 பேருக்குக் கீழ் உள்ள நிறுவனமும் விரும்பினால் இ.எஸ்.ஐ-யில் சேரலாம். முதலாளியும், ஊழியர்களில் பெரும்பான்மையினரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். ஆபத்தான தொழில் என அரசு அறிவிக்கும் இடங்களில் ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் கட்டாயமாக்க வழி இருக்கிறது.

முதலாளி ஏன் சேர வேண்டும்?

இதில் தர்ம சிந்தனையைவிடக் கணக்கு முக்கியம். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் தொழிலாளி வேலையில் இறந்தால், இழப்பீடு முழுவதும் முதலாளியின் பொறுப்பு. சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்கிக் கணக்கிடுவார்கள். 40 வயதுக்கு அந்த எண் 184.17. சம்பளம் 12,000 என்றால் 6,000 பெருக்கல் 184.17. சுமார் 11 லட்சம் ரூபாய். 8 பேரை வைத்து நடத்தும் அரவை மில் இதை எங்கிருந்து கொடுக்கும்? இ.எஸ்.ஐ-யில் இருந்தால் இந்தப் பொறுப்பு கழகத்துக்குப் போய்விடும். 8 பேருக்கு முதலாளி பங்கு மாதம் 3,120 ரூபாய்.

சேர விரும்பாதவர்கள் குறைந்தபட்சம் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியாவது ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் எடுத்து வைப்பது நல்லது.

குரூப் மெடிக்ளைம் எப்படி?

21,000-க்கு மேல் சம்பளம் வாங்கும் மேனேஜர், கணக்காளர் போன்றவர்களுக்கு இதுதான் வழி. குரூப் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு தருவது பரவலான வழக்கம். தனிநபர் பாலிசியில் அதற்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் நிறுவனம் ஊழியர்களுக்காக எடுக்கும் குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. சின்ன நிறுவனங்கள்தான் இதை அதிகம் உணரும். வேலையை விட்டால் பாதுகாப்பும் அன்றோடு போகும் என்பதையும் ஊழியர்கள் மனதில் வைக்க வேண்டும்.

ரொம்பச் சின்ன கடை என்றால், வங்கிக் கணக்கு வழியாக எடுக்கும் இரண்டு திட்டங்கள் உண்டு. பிரதமரின் சுரக்‌ஷா பீமா, ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். ஜீவன் ஜோதி பீமா, ஆண்டுக்கு 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். தீபாவளி போனஸோடு இந்த 456 ரூபாயை முதலாளி போட்டுவிடலாம். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பாலிசி புதுப்பிக்கப்படாது.

இ.எஸ்.ஐ-யில் குறையே இல்லையா?

இருக்கிறது. டெல்டாவுக்குப் பக்கத்தில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனை திருச்சியில். தஞ்சாவூர்க்காரருக்கு ஒன்றரை மணி நேரம். வேதாரண்யத்துக்காரருக்குப் போய் வர ஒரு நாள் முழுக்க ஆகும். டிஸ்பென்சரிக்குப் போய்வரும் அரை நாள் கூலியும் கணக்கில் வரும். "90 ரூபா பிடிக்கறாங்க, ஊர்ல ஆஸ்பத்திரி எங்க?" என்று தொழிலாளி கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அவசரத்துக்கு எந்த மருத்துவமனைக்கும் போய்ப் பிறகு செலவைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் பத்திரமாக இருந்தால்தான்.

வயலில் நாற்று நடுபவர்களும் அறுப்பவர்களும் இந்த வட்டத்துக்குள்ளேயே வரவில்லை. அவர்களுக்கு முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. அதிலும் மரணம், விபத்து, கல்வி, திருமணத்துக்கு உதவி உண்டு. காய்ச்சலில் படுத்த வாரத்தின் கூலி கிடைக்காது. ஒரே நெல்லை வயலில் அறுப்பவருக்கு ஒரு நிலை, மில்லில் அரைப்பவருக்கு ஒரு நிலை.

பிடித்த பணம் கட்டப்பட்டதா? எப்படிப் பார்ப்பது?

பிடித்தம் இருந்தால் உங்கள் பெயரில் 10 இலக்க ஐ.பி. நம்பர் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். வேலை மாறினாலும் அதே நம்பர்தான், புதிதாக ஒன்று போட விடாதீர்கள். உமாங் செயலியிலோ இ.எஸ்.ஐ. இணையதளத்திலோ எத்தனை நாளுக்குச் சந்தா ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம். இலவச உதவி எண் 1800 11 2526. முதலமைச்சர் காப்பீட்டுக்கு 1800 425 3993.

சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். முதலாளி கட்டவில்லை என்பதற்காகத் தொழிலாளியின் உரிமை போய்விடாது. கழகம் உதவியைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கு அங்கே வேலை செய்ததற்கான ஆதாரம் தேவை. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் வந்த சம்பளம், மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம் என எது இருந்தாலும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கூடவே கேட்க வேண்டியவை

10 பேர் வரம்பைத் தொட்ட நிறுவனத்துக்கு கிராஜுவிட்டியும் வந்துவிடும். 5 ஆண்டு வேலை செய்தால், ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். கடைசிச் சம்பளம் 12,000, சர்வீஸ் 10 ஆண்டு என்றால் சுமார் 69,000 ரூபாய். பி.எஃப். 20 பேரிலிருந்து கட்டாயம். அதோடு சேர்ந்து வரும் இ.டி.எல்.ஐ. காப்பீட்டில், பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதற்குத் தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை.

கடை ஊழியர்களுக்கு 10 பேர், 20 பேர் கணக்கு எதுவும் இல்லாத ஒரு உரிமையும் உண்டு. தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 2021-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, வேலை நேரத்தில் உட்கார நாற்காலி தர வேண்டும். கும்பகோணம் ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரிப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.